மந்திரத்தின் விலையை யார் கொடுக்கிறார்?

கேள்வி: நான் தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 13 முதல் 18 வயதுவரை உள்ள இளையோருக்காகத் தமிழில் ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிவருகிறேன். ஏழு மலைகள் சூழ்ந்த கற்பனை நாடு. காற்றை ஏவும் ஆற்றலோடு பிறந்த இளவரசன் மாறன். நாட்டை மீட்கப் போகிறவன் அவன்தான் என்று முன்பே சொல்லப்பட்ட குறி. முதல் நான்கு அத்தியாயங்களில் அந்நாட்டின் 800 ஆண்டு வரலாற்றைச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளிடம் கொடுத்தேன். இரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள். அதே பெண் 600 பக்க ஆங்கில ஃபேன்டஸி நாவலை ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறாள். இந்த வயதினருக்குத் தமிழில் எழுதுவதே வீண்தானா? ஆங்கில நூல்களின் சாயல் விழுந்துவிடும் என்று அஞ்சி அவற்றைப் படிப்பதையே நிறுத்திவிட்டேன், அது சரியா? சாவையும் வன்முறையையும் எந்த அளவுக்கு எழுதலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் அண்ணன் மகள் நிறுத்தியதற்குத் தமிழ் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்நிய நாட்டுக் கற்பனை ஊர்களின் வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு 600 பக்கம் படிக்கிற பெண், உங்கள் ஏழு மலைகளின் பெயர்களையும் மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்வாள். இரண்டு அத்தியாயங்கள் கடந்த பின்னும், அவள் வயதில் உள்ள ஒருவர் ஏதாவது ஒன்றைச் செய்து அதனால் ஏதாவது ஒன்று நிகழ்வதை அவள் பார்க்கவில்லை. காரணம் அவ்வளவுதான் என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்ல முடிகிறது.

வரலாற்றை முன்னால் கொட்டாமல் கதையைத் தொடங்கும் வித்தையை நாம் கல்கியிடமே கற்கலாம். 1950இல் தொடராக வரத் தொடங்கிய பொன்னியின் செல்வன் வாசகருக்குச் சோழ அரசுரிமைச் சிக்கல் முழுவதும் புரிந்தாக வேண்டும். சுந்தர சோழரின் நோய், கண்டராதித்தர் மகனின் உரிமை, பழுவேட்டரையர்களின் ஆதிக்கம் எல்லாம் பின்னிக் கிடக்கும் முடிச்சு அது. ஆனால் கல்கி நம் கண்முன் கொண்டுவருவது, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற ஓர் இளைஞனை. அன்றிரவு கடம்பூர் மாளிகையில், தான் கேட்கக் கூடாத ஓர் ஆலோசனையை அவன் மறைந்திருந்து கேட்கும்போதுதான் அந்த முடிச்சு நமக்கும் தெரியவருகிறது. தெரிந்துகொண்டதாலேயே அவன் ஆபத்தில் சிக்குவதால், அதன்பின் ஒவ்வொரு வம்சச் செய்தியும் நமக்கு வேண்டியதாகிவிடுகிறது. உங்கள் நான்கு அத்தியாயங்களைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அவை எழுதுகிற உங்களுக்குத் தேவையான குறிப்புகள். மேசையில் பக்கத்திலேயே இருக்கட்டும். மாறன் ஒரு கதவைத் திறக்க வேண்டி வரும்போது, அந்தக் கதவைக் கட்டியவர் யார் என்பதைக் கதைமாந்தர் ஒருவர் வாயிலாக இரண்டு வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதைவிடக் கவலைப்பட வைத்தது வேறொன்று. காற்றை ஏவும் ஆற்றல் மாறனுக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பயன்படுத்தும்போது அவனுக்கோ பிறருக்கோ என்ன ஆகிறது என்று ஒரு சொல்லும் இல்லை. இளையோருக்கான மாயக்கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினிடம் பார்னசஸ் என்ற சிறிய பதிப்பகம், சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் எழுதித் தரும்படி கேட்டது. அதுவரை அந்த வயதினருக்கென்று அவர் எழுதியதில்லை. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் வெண்தாடி முதியவர்களாகவே இருக்கிறார்களே, அந்தத் தாடி முளைப்பதற்கு முன் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள், இவ்வளவு ஆபத்தான கலையை எங்கே கற்றிருப்பார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணத்தில் முளைத்ததுதான் 1968இல் வெளிவந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’. அதன் நாயகன் கெட், இளவரசன் அல்லன். ஆடு மேய்க்கிற, வெண்கலக் கொல்லரின் மகன். தாயின் உடன்பிறந்தவள் ஓர் ஆட்டை அழைக்கச் சொன்ன மந்திரச் சொற்களை ஒட்டுக்கேட்டு, மறுநாள் தன் ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வந்துவிடுகின்றன, ஆனால் அவனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்று விலக மறுக்கின்றன, விலக்கும் சொல்லோ அவனுக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துப் படையெடுத்து வந்தவர்களிடமிருந்து தன் ஊரைப் பனிமூட்டத்தால் மறைத்துக் காப்பாற்றுகிறான். காப்பாற்றிய பின் பேச்சும் உணவும் உறக்கமும் இன்றிக் கிடக்கிறான், ஏனெனில் தன்னிடம் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டான். பிறகு ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், தன்னைவிட மூத்த மாணவன் ஒருவனின் ஏளனம் பொறுக்காமல், இறந்தவர் ஒருவரின் ஆவியை அழைத்துக் காட்டுகிறான். அதனால் உலகில் உண்டான பிளவின் வழியே ஒரு நிழல் உள்ளே புகுந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூடிய முதிய தலைவர் அந்த முயற்சியிலேயே உயிர்விடுகிறார். நூலின் மிச்சப் பகுதி முழுவதும், தான் அவிழ்த்துவிட்ட அந்த ஒன்றிடமிருந்து கெட் ஓடுவதும், ஓடிக் களைத்த பின் திரும்பி அதைத் துரத்துவதும்தான். ஏறத்தாழ 200 பக்கங்களில் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் ஆற்றல் முன்னால் வருகிறது, அறிவு பின்னால் வருகிறது. உங்கள் வகுப்பறையில் தினமும் நீங்கள் பார்ப்பதும் இதுதானே? உடல் திடீரென்று பெரியவர் உடலாகிவிடுகிறது, குரல் மாறிவிடுகிறது, சொல்லால் ஒருவரை நொறுக்க முடியும் என்று தெரியவருகிறது. நொறுக்கிய பின் சேர்த்துவைப்பது எப்படி என்பது மட்டும் தெரிவதில்லை. தோழியைப் பற்றிச் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு, அது வகுப்பு முழுவதும் பரவியதைப் பார்த்து நிற்கிற ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு, கெட் அவிழ்த்துவிட்ட நிழல் யாரும் விளக்காமலேயே புரியும். அவளுக்குப் பாடம் சொல்லும் நோக்கம் அந்நூலில் எங்கும் இல்லை. அவள் அஞ்சுவதை அவளோடு நின்று அஞ்சுகிறது.

இந்த ஒழுங்கு ஆங்கிலத்துக்கே உரியது என்றும் எண்ணிவிட வேண்டாம். விக்கிரமாதித்தன் கதைகளில் கூடுவிட்டுக் கூடு பாய்கிறவன் தன் உடலைக் காவலின்றி விட்டுத்தான் போக வேண்டும். அரசன் கிளியுடலில் இருக்கும்போது அவன் உடலில் இன்னொருவன் புகுந்து அரியணை ஏறிவிடுகிறான். வேதாளம் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொல்லிவிட்டாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு மாயத்துக்கும் ஒரு விதி, ஒவ்வொரு விதிக்கும் ஓர் இழப்பு என்று நம் கதைசொல்லிகள் கண்டிப்பாகவே இருந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மணிமேகலை இருக்கிறது. அதைத் துறவின் காப்பியமாகவும் சமயக் காப்பியமாகவும் மட்டுமே பள்ளியில் நாம் அறிமுகப்படுத்துகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தன்னைத் தொடர்ந்து வருகிற இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்ப வேண்டிய ஓர் இளம்பெண்ணுக்கு, மணிபல்லவத் தீவில் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுருக் கொள்வது, வான்வழிச் செல்வது, பசியைத் தாங்குவது. ஊருக்குத் திரும்பியபின் அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அவள் செய்தது தற்காப்பு. அந்த உருவத்தில் சென்று அவள் பசித்தவர்களுக்குச் சோறும் இடுகிறாள். ஆனால் காயசண்டிகையைத் தேடிக்கொண்டு அவள் கணவன் காஞ்சனன் வருகிறான். தன் மனைவியென நினைத்தவள் தன்னை விட்டு விலகி உதயகுமாரனிடம் பேசுவதைப் பார்க்கிறான். நள்ளிரவில் வாளால் அவனை வெட்டிவிடுகிறான். தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த உருவத்தால் ஓர் உயிர் போயிற்று என்று அறிந்து அந்தப் பெண் கலங்குகிற இடத்தை, இளையோர் நாவலின் நடுப்பகுதிக்கு ஒரு முன்மாதிரி என்றே சொல்வேன். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டும் கொடிய விளைவைத் தருகிற மாயம் அது; அதற்காகச் சிறையையும் அவளே அனுபவிக்கிறாள். நல்ல உரையோடு கூடிய பதிப்பொன்றை எடுத்து, இந்தக் கதைப்போக்கை மட்டும் ஒருமுறை தொடர்ந்து படித்துப் பாருங்கள்.

இப்போது மாறனிடம் வருவோம். அவன் காற்றை அழைத்தால், அது எங்கிருந்து வருகிறது? ரோக் பள்ளியின் ஆசான் ஒருவர் இங்கே வரவழைக்கும் மழை வேறொரு தீவில் வறட்சியாகலாம் என்று மாணவர்களை எச்சரிக்கிறார். அதே கேள்வியை நீங்கள் உங்கள் நாட்டிடம் கேளுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் இறங்குகிற காற்றை அறிந்தவர் நீங்கள். களத்தில் பொலி தூற்றக் காற்றுக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றியும், காற்றடங்கிய கடலில் பாய்மரத்தோடு நிற்பவர்களைப் பற்றியும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபத்தில் ஒருநாள் மாறன் காற்றைத் தன் பக்கம் இழுத்துவிட்டான் என்றும், கீழே ஒரு கிராமத்தின் களத்தில் காற்று நின்று, தூற்றாமல் கிடந்த நெல் அடுத்து வந்த மழையில் முளைத்துவிட்டது என்றும், அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி அவனைத் தேடி அரண்மனைக்கு வருகிறாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படியே எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் அவன் முதன்முதலில் ஆற்றலைப் பயன்படுத்தும் இடமும், அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியவரும் இடமும் முதல் சில அத்தியாயங்களுக்குள் வந்துவிட வேண்டும்.

முன்பே சொல்லப்பட்ட குறியை எடுத்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். வெற்றி முதலிலேயே எழுதப்பட்டுவிட்டால் மாறன் எடுக்கும் எந்த முடிவுக்கும் எடையிருக்காது. அதை விட முடியாதென்றால், அந்தக் குறி தவறாகப் படிக்கப்பட்டிருக்கட்டும்; அல்லது அவன் அதை நம்புவதே அவனுக்குக் கேடாக அமையட்டும்.

படிப்பதை நிறுத்தியதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மீண்டும் தொடங்குங்கள். ஒரே வகை நூலை, அதிலும் அண்மையில் விற்பனையில் முன்னிற்பவற்றை மட்டும் படிப்பவரிடம்தான் சாயல் தங்குகிறது. பல திசைகளிலிருந்து படிப்பவரிடம் தங்குவதில்லை. லாயிட் அலெக்சாண்டர் 1964 முதல் 1968 வரை எழுதிய பிரிடைன் நூல்கள் வேல்ஸ் நாட்டுத் தொன்மங்களிலிருந்து எழுந்தவை. அவற்றின் நாயகன் பன்றி பராமரிக்கும் சிறுவன். நெடி ஒகோராஃபர் 2011இல் வெளியிட்ட ‘அகாட்டா விட்ச்’ இன்றைய நைஜீரியாவின் நம்பிக்கைகளை, பள்ளிக்கூடத்தையும் கால்பந்தையும் விட்டு விலகாமல் கதைக்குள் கொண்டுவருகிறது. இவற்றைப் படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். மாயம் முதலில் நிகழும் பக்கம், அதற்கு விலை கொடுப்பவர், அந்த விலை வாசகருக்குத் தெரியவரும் பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே போங்கள். கதைச் சம்பவங்களை மறந்துவிட்டாலும் அந்த அமைப்பு உங்களிடம் தங்கும். நம் பக்கத்தில் மதனகாமராஜன் கதையையும், 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்புலிமாமாவை விட்டு வெளியே வருகிற பிள்ளை நேரே பெரியவர்களின் சரித்திர நாவலுக்குத்தான் போக வேண்டியிருந்தது; இரண்டுக்கும் நடுவில் உள்ள தட்டு தமிழில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. நீங்கள் எழுதுவது வீண் அன்று என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாவைப் பற்றி அஞ்ச வேண்டாம். மணிமேகலையில் சுடுகாட்டுப் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் என்ற சிறுவனின் தாய் கோதமை, தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் தரும்படி சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். அது தெய்வத்தாலும் ஆகாது என்ற பதிலே அவளுக்குக் கிடைக்கிறது. பதின்வயதினர் வீட்டிலும் தெருவிலும் சாவைப் பார்த்தவர்கள்தாம். அதை மறைக்கும் கதையை அவர்கள் நம்புவதில்லை. போரில் ஆயிரம் பேர் மடிந்தார்கள் என்று ஒரு வரியில் கடந்து போவதைத்தான் நீங்கள் தவிர்க்க வேண்டும். கதையில் ஒருவர் இறந்தால் அவருக்காக அழ ஒருவராவது கதைக்குள் இருக்கட்டும். காயத்தை விவரித்துக்கொண்டே போகும் பத்திகள் தேவையில்லை.

உங்களிடம் பல எழுத்தாளர்களுக்கு வாய்க்காத ஒன்று இருக்கிறது: நீங்கள் ஆசிரியை. அமெரிக்காவின் டமோரா பியர்ஸ், பெரியவர்களுக்கென்று ஒரே நாவலாக எழுதியிருந்த கதையை, தாம் பணியாற்றிய விடுதியில் இருந்த பதின்வயதுப் பெண்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்தார். அதுவே மாற்றி எழுதப்பட்டு, இளையோருக்கான நான்கு நூல்களாக 1983 முதல் வெளிவந்தது. நீங்களும் மாறன் காற்றை முதன்முதலில் அழைக்கும் அத்தியாயத்தைப் புதிதாக எழுதி, எழுதியவர் யார் என்று சொல்லாமல், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாலை வாசித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். ஆசிரியையிடம் அவர்கள் ஆமென்றுதான் சொல்வார்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று யாராவது கேட்கிறார்களா, எந்த வரியில் கடைசிப் பெஞ்சில் பேச்சு எழுகிறது என்பதை மட்டும் கவனித்து, அன்றிரவே பிரதியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திருத்திய அத்தியாயத்தை உங்கள் அண்ணன் மகளிடம் அதன் பிறகு கொடுக்கலாம்.