தாங்கல் கரைசலில் அமிலம் சேர்த்தால் பி.எச். மாறுமா, மாறாதா?

கேள்வி: அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் லிட்டருக்கு 0.1 மோல் வீதம் உள்ள ஒரு லிட்டர் தாங்கல் கரைசலில் (சிறிது அமிலமோ காரமோ சேர்த்தாலும் பி.எச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு, அதிகம் மாறாத கரைசல்) 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கிறோம். சமநிலை நகர்ந்து அதைச் சரிக்கட்டிவிடும் என்று படித்தேன். கணக்குப் போட்டால் பி.எச். 4.76-லிருந்து 4.67-க்கு இறங்குகிறது. நான் எங்கே தவறு செய்தேன்?

பதில்: உங்கள் கணக்கு சரி. ‘சரிக்கட்டிவிடும்’ என்பதுதான் தவறு. லீ சாட்லியர் கொள்கைப்படி, சமநிலை நகர்ந்து பாதிப்பைக் குறைக்கும், முழுக்கத் துடைத்துவிடாது. நீங்கள் சேர்த்த ஹைட்ரஜன் அயனிகளில் 10,000-க்கு ஏறத்தாழ 9,996-ஐ அசிட்டேட் பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாகிவிட்டது. கரைசலில் கூடுதலாகத் தங்கியவை நாலே நாலு. ஆனால் அசிட்டேட் 0.09 மோலாகக் குறைந்து, அசிட்டிக் அமிலம் 0.11 மோலாகக் கூடிவிட்டதே! அந்த விகிதம் மாறியதால்தான் பி.எச். சற்று இறங்கியது. இதே அமிலத்தை ஒரு லிட்டர் வெறும் தண்ணீரில் விட்டிருந்தால் பி.எச். 7-லிருந்து 2-க்கு விழுந்திருக்கும்.

சமநிலை மாறிலி (சமநிலையில் விளைபொருள்களுக்கும் வினைபடுபொருள்களுக்கும் உள்ள செறிவு விகிதம்) இதில் அசையவே இல்லை. அது வெப்பநிலைக்கு மட்டுமே அசையும்.

தேர்வு நெருங்கும்போது காசு வாங்கிக்கொண்டு குறுக்குவழித் தாள் விற்பவர்கள் ‘தாங்கல் கரைசல் என்றால் பி.எச். மாறாது’ என்று ஒற்றை வரியில் எழுதித் தருகிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அதே கரைசலில் 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் அசிட்டேட் மொத்தமும் தீர்ந்து, பி.எச். 3-க்கும் கீழே போய்விடும். வரையறையை மட்டும் கேட்டு இரண்டு மதிப்பெண் போடும் வினாத்தாள் இருக்கும்வரை, அந்தத் தாள்களும் விற்றுக்கொண்டுதான் இருக்கும். இதில் எனக்கு ஆத்திரமே வருகிறது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். தாங்கல் கரைசல் என்றால் ‘வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும்’ என்று மனப்பாடம் செய்தவர்கள், 0.1 மோல் சோடியம் அசிட்டேட்டுடன் 0.05 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தால் தாங்கல் கரைசல் கிடைக்காது என்று எழுதிவிடுகிறார்கள். கிடைக்கும். அசிட்டேட்டில் பாதி அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. இரண்டும் 0.05 மோல், பி.எச். மீண்டும் அதே 4.76. அதுபோல 0.1 மோல் அசிட்டிக் அமிலத்துடன் 0.05 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்தாலும் கிடைக்கும். எதை எதில் ஊற்றினோம் என்பது பொருட்டே அல்ல. ஆனால் வலிமையான அமிலமோ காரமோ அளவில் குறைவாக இருக்க வேண்டும். சமமாகிவிட்டால் இணையில் ஒன்று தீர்ந்துபோகும்.

ஆகவே முதலில் மோல் கணக்கில் வினையை முடித்துவிடுங்கள். அமிலம், அசிட்டேட் இரண்டும் மிஞ்சியிருந்தால் மட்டும் ஹென்டர்சன் சமன்பாட்டை (இந்த இரண்டின் விகிதத்திலிருந்து பி.எச். தரும் சமன்பாடு) எடுங்கள்.