கணக்குப் பிரிவுக்கு ஸ்பிரின்ட் ஒத்துவரவில்லை என்றால்

கணக்குப் பிரிவில் இரண்டு வார ஸ்பிரின்ட் (குறித்த காலத்துக்கான வேலைகளை முன்பே முடிவு செய்துகொள்ளும், மென்பொருள் குழுக்களில் பழகிய முறை) போட்டும், நடுவில் வரும் அவசர பில்களால் திட்டம் குலைகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் குழு மீது தவறில்லை. வேலை எப்போது வரும் என்றே தெரியாத இடத்தில் ஸ்பிரின்ட் நிற்காது. கான்பானுக்கு மாறுங்கள், அதாவது ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி, பலகையில் பத்தி பத்தியாக நகர்த்தும் முறைக்கு. அது டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்தது, மென்பொருளுக்கென்று வந்ததே இல்லை.

பலகையில் ‘வந்தவை’, ‘கையில்’, ‘ஒப்புதலுக்கு’, ‘முடிந்தவை’ என்று நான்கு பத்திகள் போதும். உயிர்நாடி வரம்புதான்: ‘கையில்’ பத்தியில் ஆளுக்கு 2 சீட்டு, அவ்வளவுதான். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. சீட்டுகள் எங்கே தேங்குகின்றன என்று சீக்கிரமே கண்ணில் படும். பெரும்பாலும் ‘ஒப்புதலுக்கு’ பத்தியாகத்தான் இருக்கும். அப்படியென்றால் மேலாளரிடம்தான் பேச வேண்டும்.

அவசர பில்லுக்குத் தனி வரிசை, அதில் ஒரு நேரத்தில் 1 சீட்டு. அப்புறம் காலைக் கூட்டம் 15 நிமிடம். தேங்கிய சீட்டுகளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.