பழைய பிக்கப்போட உள்பக்கம்: வெளுத்த டேஷ்போர்டு, ஊதிப்போன டோர் பேட், தொங்குற ரூஃப் – கேள்வி பதில்

இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி பிக்கப் வண்டி கேள்விதான், எனக்கு ரொம்ப சந்தோஷம். லோடு வண்டிதானேன்னு உள்பக்கத்தை யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா ஒருத்தர் நாள் பூரா அதுக்குள்ளதான் உக்காந்திருக்காரு, சாப்பாடும் தூக்கமும் கூட பல நாள் அதுலதான். நான் சீட், டோர் பேட் (கதவோட உள்பக்க போர்ட்), டேஷ்போர்டு வேலையே பார்த்து வந்தவன், கைவேலையில தெரிஞ்சதை அப்படியே சொல்றேன்.

2009 பொலிரோ கேம்பர் சார். டேஷ்போர்டும் டோர் பேட் மேல் பக்கமும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. ஸ்ப்ரே கேன் வாங்கி நானே கருப்பு அடிச்சேன், ரெண்டே மாசத்துல நகம் பட்டாலே உரிஞ்சு வருது. எந்த பெயின்ட் வாங்குனா நிக்கும்? – தர்மபுரி

பெயின்ட்டை மாத்தி மாத்தி வாங்காதீங்க, கோளாறு பெயின்ட்டுக்கு கீழ இருக்கு. முதல்ல அந்த பார்ட்டை கழட்டி பின்பக்கத்தை பாருங்க, ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல ஏபிஎஸ்னோ பிபின்னோ அச்சு இருக்கும், ரெண்டும் பிளாஸ்டிக் வகையோட பேர், பிபிக்கு பக்கத்துல டி20 மாதிரி ஏதாச்சும் இருந்தா டால்க் பவுடர் கலந்ததுன்னு அர்த்தம். ஏபிஎஸ்னா பெயின்ட் நல்லா புடிக்கும். பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன், எண்ணெய் தடவுன தோசைக்கல்லு மாதிரி, மேல எதை ஊத்துனாலும் ஒட்டாம உருண்டு நிக்கும், அது அந்த பிளாஸ்டிக்கோட குணம். அதுக்கு பிபி பிரைமர்னே தனியா இருக்கு, பம்பர் பெயின்ட் அடிக்கிற எந்த டிங்கர் பட்டறையிலயும் வச்சிருப்பாங்க. அதை மெல்லிசா ஒரு கோட் அடிச்சு, கேன்ல போட்டிருக்கிற நேரத்துக்குள்ள மேல கலர் ஏத்திடணும், நாளைக்கு அடிச்சுக்கலாம்னு விட்டா பிரைமர் அடிச்சும் பிரயோஜனம் இல்ல.

அச்சு அழிஞ்சு போயிருந்தா பின்பக்கம் ஒரு மூலையில பஞ்சுல அசிட்டோன் தொட்டு வைங்க. பிசுபிசுன்னு இளகுனா ஏபிஎஸ், ஒண்ணுமே ஆகலன்னா பெரும்பாலும் பிபி. தண்ணியில போட்டு மிதக்குதான்னு பாக்கச் சொல்லுவாங்க, வெறும் பிபி மிதக்கும், டால்க் கலந்தது மூழ்கிடும், அதை வச்சு ஏபிஎஸ்னு முடிவு பண்ணி ஏமாந்தவங்க நிறைய.

அடுத்தது பாலிஷ். வாட்டர் வாஷுக்கு விட்டா கடைசியில டேஷ்போர்டுல பளபளன்னு ஒண்ணு தடவி விடுவாங்களே, அதுல பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். வருசக்கணக்கா அது சொரசொரப்புக்குள்ள இறங்கி உக்காந்திருக்கும், மேல பெயின்ட் அடிச்சா அங்கங்க மீன் கண்ணு மாதிரி குழி விழும், குழி விழலன்னாலும் கொஞ்ச நாள்ல உரியும். அதனால பாத்திரம் தேய்க்கிற லிக்விட், பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு தடவை தேய்ச்சு கழுவுங்க, காய வச்சு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துணி நனைச்சு தொடைங்க, துணியில அழுக்கு வராத வரைக்கும் தொடைங்க. பிறகு ஸ்காட்ச் பிரைட் நாரால லேசா ஒரு தேய்ப்பு, உப்புத்தாள் வேண்டாம், சொரசொரப்பு டிசைன் போயிடும், ஒரு தடவை போனா திரும்ப வராது.

அடிக்கும்போது ஒரே கோட்ல கருப்பாக்கணும்னு நினைக்காதீங்க. ஒரு சாண் ஒண்ணரை சாண் தூரத்துல இருந்து பனி படியற மாதிரி மூணு நாலு கோட், நடுவுல பத்து பதினஞ்சு நிமிசம் காயவிடணும். முதல் கோட் அடிச்சதும் பழைய கலர் திட்டு திட்டா தெரியும், அப்படித்தான் தெரியணும். மழை நாள்ல அடிக்காதீங்க, காத்துல ஈரம் இருந்தா பெயின்ட் மேல வெள்ளை பூத்துடும். ஒரு நாள் விட்டு மாட்டுங்க, ஒரு வாரத்துக்கு ஈரத்துணியே காட்டாதீங்க. ஆனா இப்ப உங்க வண்டியில ஏற்கனவே உரியற பெயின்ட் இருக்கு, அதை முழுசா எடுக்காம மேல அடிச்சா புதுசும் பழசோட சேர்ந்துதான் வரும். பிபியா இருந்தா அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டி வெடுக்குன்னு இழுங்க, முக்கால்வாசி அதுலயே வந்துடும்.

நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல ஒரு காய்கறி வண்டிக்காரருக்கு கழுவாம அவசரமா அடிச்சு கொடுத்தேன். மாசம் முடியறதுக்குள்ள அவரு திரும்ப வந்து நின்னாரு, கோவமா ஒரு வார்த்தை பேசல, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. அன்னைலருந்து கழுவற வேலையை மட்டும் வேற ஆள்கிட்ட விடறதில்ல.

ஹீட் கன் காட்டுனா வெளுத்த பிளாஸ்டிக் கருப்பாகுதே, அது போதாதா?

ஆகும், கொஞ்ச மாசத்துக்கு. வெயில்ல செத்துப்போன மேல் தோல் சூட்டுல இளகி கருப்பா தெரியுது, அவ்வளவுதான், திரும்ப வெளுக்கும், ரெண்டாவது தடவை அந்த அளவுக்கு திரும்பாது. அதோட கை ஒரு நொடி நின்னுட்டா சொரசொரப்பு உருகி பளபளன்னு ஒரு வட்டம் விழுந்துடும், அதை மறைக்க வழியே கிடையாது. உள்பக்க பார்ட்டுக்கு நான் காட்ட மாட்டேன்.

அண்ணை, என்னட்ட 1994 ஹைலக்ஸ் டபுள் கேப் ஒண்டு நிக்குது. கதவு உள்பக்க போர்ட் கீழ்ப்பக்கம் ஊதி, ரெக்சின் கழண்டு தொங்குது. கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடையள்ல தேடினன், கிடைச்சதும் இதே நிலைமைதான். என்ன செய்யலாம்? – வவுனியா

இலங்கையில 2020ல இருந்து அஞ்சு வருசம் போல வண்டி இறக்குமதி நின்னு போயிருந்ததால பழைய வண்டிகளை எல்லாரும் பொத்திப் பொத்தி ஓட்டுறாங்கன்னு தெரியும், அதனால நல்ல போர்ட் கிடைக்கலன்னா ஆச்சரியம் இல்ல. கவலைப்படாதீங்க, இது புதுசாவே செஞ்சுக்கற வேலை.

முதல்ல போர்ட் ஏன் ஊதுச்சுன்னு பாருங்க. கண்ணாடியில வழியற மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கி அடியில இருக்கிற ஓட்டை வழியா வெளிய போகணும், அந்த ஓட்டை மண்ணால அடைஞ்சிருக்கும். இன்னொண்ணு, போர்டுக்கும் கதவு தகட்டுக்கும் நடுவுல கம்பெனியில ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பாங்க, யாராவது கண்ணாடி மெஷின் ரிப்பேருக்கு கழட்டும்போது அதை கிழிச்சு வீசியிருப்பாங்க. ஹார்ட்போர்டுங்கறது அழுத்துன மரநார், தண்ணி பட்டா புட்டு மாதிரி ஆயிடும். இந்த ரெண்டையும் சரி பண்ணாம புது போர்ட் போட்டா அடுத்த மாரிக்கு அதுவும் ஊதும்.

கண்ணாடி ஏத்துற கைப்பிடியை கழட்ட ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீங்க. பின்னாடி ஒரு சின்ன கம்பி கிளிப் இருக்கும், நீளமா ஒரு துணியை கைப்பிடிக்கும் போர்டுக்கும் நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் மாறி மாறி இழுங்க, துணி கிளிப்புல சிக்கி தெறிச்சு வரும், எங்க விழுதுன்னு மட்டும் பாத்துக்கோங்க. பழைய போர்ட் எவ்வளவு நைஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, அதை அப்படியே 3 மி.மீ. பிவிசி ஷீட் மேல வச்சு கோடு போட்டு ஓட்டைகளை குறிங்க, பிவிசி தண்ணி குடிக்காது. கிளிப் ஓட்டையை மட்டும் ஒவ்வொண்ணா கதவுல வச்சு சரிபார்த்துட்டு துளைங்க, ஊதின போர்டுல அளவு கொஞ்சம் நகர்ந்திருக்கும். ரெக்சினை ஒட்டும்போது ஓரம் ரெண்டு விரக்கடை உள்ள மடிச்சு ஒட்டணும், வளைவு வர்ற இடத்துல மடிப்புல சின்னச் சின்னதா வெட்டு போட்டாதான் சுருக்கம் விழாது. முடிஞ்சதும் கதவு தகட்டுல தடிமனான பாலிதீன் ஷீட் ஒட்டி, அதோட கீழ் ஓரத்தை கதவுக்குள்ள விட்டுடுங்க, தண்ணி உள்பக்கமாவே இறங்கிடும்.

டேஷ்போர்டு ஓரத்துல கிளிப் காது உடைஞ்சு போச்சு. ஃபெவிக்விக் போட்டா அரை நாள்கூட நிக்கல, பக்கத்துல வேற வெள்ளையா படிஞ்சிருக்கு.

ஒட்டாத பிளாஸ்டிக்னா அது பெரும்பாலும் பிபிதான். வெள்ளைப் படிவு அந்த பசையோட ஆவி, கருப்பு பிளாஸ்டிக்ல பளிச்சுன்னு தெரியும். பிபிக்கு பசையை மறந்துடுங்க, உருக்கி ஒட்டறதுதான் வழி. உடைஞ்ச இடத்தை பின்பக்கம் சேர்த்துப் புடிச்சு, சின்ன சால்டரிங் அயர்னால மெல்லிசான ஸ்டீல் வலைத் துண்டை உள்ள அழுத்தி புதைச்சு, மேல பிபி துண்டையே உருக்கி மூடுங்க. ஏபிஎஸ்னா இன்னும் சுலபம், ஏபிஎஸ் தூளை அசிட்டோன்ல கரைச்சு மாவு பதத்துல தடவுனா அதுவே பிளாஸ்டிக்கா இறுகிடும், ஒரு நாள் முழுசா காயவிடணும். ரெண்டு வேலைக்கும் கதவு ஜன்னலை திறந்து வைங்க, புகையை முகத்துல வாங்காதீங்க.

ரூஃப் துணி தலையில இடிக்குது. ஃபெவிகால் போட்டு ஒட்டுனேன், சித்திரை வெயில்ல திரும்ப தொங்கிடுச்சு. – வேலூர்

உங்க பசை துணியை புடிச்சுதான் இருக்கும், கழண்டது ஃபோம். அந்த துணிக்கு பின்னாடி மெல்லிசா ஒரு ஃபோம் இருக்கும், சூட்டுல வருசம் ஆக ஆக அது மக்கி மஞ்சத்தூள் மாதிரி உதிரும், உதிர்ற தூள் மேல எந்த பசை போட்டாலும் தூளோட சேர்ந்து கழண்டு வரும். துணி ஒட்டியிருக்கிற ரூஃப் போர்டை முழுசா வெளிய எடுத்து, நைலான் பிரஷ் போட்டு தூள் ஒண்ணுமில்லாம தேய்ச்சு எடுங்க, மூக்கை கட்டிக்கோங்க. பழைய துணி வேண்டாம், ஃபோம் ஒட்டுன புது துணி சீட் கவர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். மரவேலைக்கு போடற வெள்ளை ஃபெவிகால் இந்த சூட்டுக்கு ஆகாது, சீட் வேலைக்கு போடற ரப்பர் பசை, எஸ்ஆர் 998 மாதிரி, சூடு தாங்குமான்னு கேட்டு வாங்குங்க. போர்டுலயும் துணியிலயும் ரெண்டு பக்கமும் தடவி, விரல்ல ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் காத்திருந்து, நடுவுல இருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால நீவிட்டே போங்க. பசை ஈரமா இருக்கும்போதே ஒட்டுனா ஃபோம் அதை குடிச்சு துணியில கறையா தெரியும். அந்த பசை ஆவி சட்டுன்னு தீப்பிடிக்கும், பக்கத்துல பீடி சிகரெட் கூடவே கூடாது.

ஏசி வென்ட், சுவிட்ச் எல்லாம் கை வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது, எவ்வளவு தொடைச்சாலும் போகல.

அது அழுக்கு இல்ல, மெத்துன்னு இருக்கட்டும்னு கம்பெனியில அடிச்ச பூச்சு, காத்துல இருக்கிற ஈரத்துல வருசக்கணக்கா நைஞ்சு கூழா ஆயிடுச்சு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சு பொறுமையா முழுசா எடுத்துடுங்க, கீழ சாதா பிளாஸ்டிக் நல்லாவே இருக்கும். தின்னர் போட்டு சீக்கிரம் முடிக்கப் பாக்காதீங்க, கீழ ஏபிஎஸ்னா அதுவும் கரையும், சுவிட்ச் மேல எழுத்தும் போயிடும்.

டேஷ்போர்டுக்கு பீஜ் கலர் அடிக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. கருப்பு சூடு புடிக்கும்ல?

கருப்பு சூடு அதிகம் புடிக்கும், உண்மைதான். ஆனா டேஷ்போர்டு மேல் பக்கம் வெளிர் கலரா இருந்தா பகல்ல அதோட பிம்பம் முன் கண்ணாடியில விழும், எதிர் வெயில்ல ரோடே மங்கலா தெரியும், ஓட்டறவங்களுக்கு அது பெரிய தொந்தரவு. அதனால மேல் பக்கம் கருப்பு இல்ல அடர் சாம்பல், அதுவும் மேட் ஃபினிஷ் மட்டும், கீழ் பக்கமும் டோர் பேடும் பீஜ் வச்சுக்கோங்க, வீட்லயும் சந்தோஷம். டோர் பேடோட மேல் ஓரம் சீக்கிரம் வெளுக்கும்னு தெரிஞ்சுக்கோங்க. முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்சது, புற ஊதா கதிரை பெரும்பாலும் தடுத்துடும், கதவு கண்ணாடி அந்த அளவுக்கு தடுக்காது.

உள்பக்க கலர் மாத்த ஆர்டிஓ பக்கம் போகணுமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க, வேண்டாம், ஆர்சியில இருக்கிறது வெளிப்பக்க கலர்.

சீட் ரெக்சின் கலர் போச்சு, ஷூ பாலிஷ் போட்டா நல்லா கருப்பாகுதாமே?

தயவுசெஞ்சு வேண்டாம். கோயிலுக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டு ஏறி உக்காந்தா இறங்கும்போது தெரியும். ரெக்சின் வளையும், அதனால அதோட சேர்ந்து வளையற வினைல் பெயின்ட்தான் போடணும், வண்டி பாடிக்கு அடிக்கிற டியூக்கோ பெயின்ட் அடிச்சா உக்காந்த மூணாவது நாளே செதில் செதிலா வெடிக்கும். வெடிப்பு ஏற்கனவே விழுந்த சீட்டுக்கு பெயின்ட் செலவே பண்ணாதீங்க, அந்த காசுல புது ரெக்சின் தைச்சுடலாம். ஸ்டீயரிங்ல கை புடிக்கற இடத்துக்கும் பெயின்ட் கூடாது, வேர்த்த கையில வழுக்கும், சுத்தி நூல் போட்டு தைக்கிற கவர் போடுங்க. எஸ்ஆர்எஸ்னு எழுதியிருந்தா அந்த மூடிக்கு பின்னாடி ஏர்பேக் இருக்கு, அது மேல பட்டி, பெயின்ட், ரெக்சின் எதுவுமே வேண்டாம், அது கிழியற இடம் கிழிஞ்சாதான் உயிர் தப்பும்.

2006 டாடா 207 டிஐ. ஒவ்வொண்ணா ரிப்பேர் பண்றதுக்கு பதிலா சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில செட் வாங்கிடலாமா? – காஞ்சிபுரம்

உடைஞ்சு துண்டு காணாம போன பார்ட்டுக்கு வாங்குங்க, வெறும் வெளுப்புக்கு வாங்காதீங்க, அங்க கிடைக்கறதும் அதே வெயில்ல நின்ன வண்டியில இருந்து வந்ததுதான். வாங்கும்போது கலரை பாக்கவே பாக்காதீங்க, ரெண்டு வண்டி வெளுப்பு எப்பவும் ஒண்ணா இருக்காது, எப்படியும் அடிக்கத்தான் போறீங்க. திருப்பிப் போட்டு கிளிப் காது எல்லாம் முழுசா இருக்கா, ஸ்க்ரூ போடற இடம் பிளந்திருக்கா, யாராச்சும் முன்னாடியே பெயின்ட் அடிச்சிருக்காங்களான்னு பாருங்க. போகும்போது உங்க பழைய பார்ட்டை கையோட கொண்டு போங்க, போன்ல போட்டோ பத்தாது, ஒரே பேர்ல வந்த வண்டியிலயே ஓட்டை இருக்கிற இடம் மாறியிருக்கும், வச்சுப் பாத்துட்டு காசு கொடுங்க.