மூக்குக் குழாயில் மருந்து: வாசகர் கேள்விகள்

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. காலை மாத்திரை ஐந்தையும் பொடித்துக் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து விடுகிறோம். இரண்டு முறை குழாய் அடைத்துவிட்டது. ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

கஞ்சியில் கலப்பதுதான் காரணம். ஆற ஆறக் கஞ்சி இறுகும். மாத்திரைத் துகள் அதோடு சேர்ந்து குழாய்ச் சுவரில் அப்பிக்கொள்ளும். பாதிக் கஞ்சியில் அடைத்துக்கொண்டால் எந்த மருந்து எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரியாது.

மருந்தைத் தனியாகக் கொடுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்கட்டும். மூக்கோரம் குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தாலோ, இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் முதலில் 30 மி.லி. தண்ணீர். ஒவ்வொரு மாத்திரையையும் மாவாகப் பொடித்து, 10–15 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றாக விடுங்கள். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 15 மி.லி., கடைசியில் மறுபடி 30 மி.லி. தண்ணீர். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தத் தண்ணீரும் ஒரு நாளைக்கான தண்ணீர் அளவில் சேரும்; அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

பொடிப்பதற்கு முன் அட்டையைப் படியுங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்றிருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்; ரத்த அழுத்த மாத்திரையானால் அழுத்தம் சடாரென்று விழலாம். பான்டபிரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) போன்ற மேலுறை மாத்திரைகளைப் பொடித்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகும். சிரப்பாகவோ கரையும் மாத்திரையாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு.

அடைத்துவிட்டால் 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மெல்லத் தள்ளி, மெல்ல இழுங்கள். அசையாவிட்டால் 20 நிமிடம் மூடி வைத்து மறுபடி பாருங்கள். 5 மி.லி. சிரிஞ்ச் வேண்டாம், சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் கிழியும். கம்பி விடுவதும் சோடா ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

ஃபெனிடாயின் சிரப் குழாயில் கொடுத்தும் அம்மாவுக்கு வலிப்பு வருகிறதே?
– வாசகர், கரூர்

உணவோடு கொடுத்தால் அந்த மருந்து சரியாக ரத்தத்தில் சேராது. கொடுப்பதற்கு முன்னும் பின்னும் 1–2 மணி நேரம் உணவை நிறுத்துவது வழக்கம். நேரத்தை டாக்டரோடு பேசி வகுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்துவிடுங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள். இன்னொன்று: பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் ஊற்றுகிறீர்களா? குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். முதல் வாரம் நீர்த்ததும், பாட்டில் தீரும்போது அளவுக்கு மீறியதும்தான் உள்ளே போகும்.