கதலிப்பழமும் கதிர்வீச்சு மீற்றரும்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: "வீட்டுக்கு வந்த ஒருவர் கதலிப்பழத்தில் மீற்றரைப் பிடித்து, '120 காட்டுது, பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ' என்றார். கதிர்வீச்சை உறிஞ்சும் பதக்கமும் விற்கிறார். வாங்கலாமா? இறால், நண்டிலும் கதிர்வீச்சு இருக்காமே?"

பதக்கத்தை வாங்காதீர்கள். கதலியைக் கொடுங்கள்.

பழத்தில் கதிர்வீச்சு இருப்பது உண்மைதான். பொட்டாசியம் உள்ள எதிலும் அதன் கதிர்வீச்சுள்ள வகையான பொட்டாசியம்-40 துளியளவு கலந்திருக்கும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் செக்கனுக்குப் பதின்மூன்று, பதினான்கு அணுக்கள் சிதையும். வளர்ந்த ஒருவரின் உடம்பிலோ 4000க்கு மேல், இரவு பகலாக. பழம் கூடத் தின்றால் அது கூடிவிடாது. மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரகம் சலத்தோடு அனுப்பிவிடும். இறால், நண்டு, கணவாயில் பொலோனியம்-210 என்ற கதிர்வீச்சுள்ள தனிமம் உண்டு. அதற்காகக் கறிச்சட்டியைக் கவிழ்க்க வேண்டியதில்லை. புகையிலையிலும் அதே பொலோனியம்தான், ஆனால் அது நேரே சுவாசப்பைக்குப் போகிறது. சுருட்டுக்காரரை யாரும் மீற்றரோடு தேடிப்போவதில்லை.

இனி அந்த 120. அது பெரும்பாலும் மணிக்கு 120 நானோசீவேர்ட் (சீவேர்ட் என்பது உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பொத்தானை மாற்றினால் அதுவே 0.12 மைக்ரோசீவேர்ட் என்று தெரியும். அந்த எண்ணைக் காட்டினால் யார் பயப்படுவார்? மலிவு மீற்றர்கள் வெறும் மேசையிலும் ஏறக்குறைய இதையே காட்டும். பழமில்லாமல் பத்து நிமிடம், பழத்தோடு பத்து நிமிடம் எண்ணவிடச் சொல்லுங்கள். பத்துச் செக்கன் கணக்கு தானாகவே ஏறி இறங்கும், அதை நம்பவேண்டாம். அவருடைய பையையும் மேசையிலிருந்து தூர வைக்கச் சொல்லுங்கள். பழைய பெற்றோமக்ஸ் மென்டில் ஒன்று உள்ளே இருந்தால் போதும், அதிலுள்ள தோரியம் என்ற கதிர்வீச்சுள்ள உலோகம் மீற்றரைக் கத்தவைக்கும். போனில் இறக்கும் 'கதிர்வீச்சு அப்'பை வைத்துப் பழத்தை அளக்கவே முடியாது.

பதக்கம்தான் பெரிய பகிடி. 'எதிர் அயன்' (negative ion) தூள் என்று இவற்றில் போடுவது பல வேளைகளில் தோரியமுள்ள கனிமத்தூள். நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 டிசம்பரில் இப்படிப்பட்ட பத்துப் பொருட்கள் கதிர்வீச்சை வெளியிடுவதைக் கண்டு, அணியவேண்டாம் என்று எச்சரித்தது. பழத்துக்குப் பயந்து பிள்ளையின் கழுத்தில் கதிர்வீச்சு மூலத்தையே கட்டுகிறோம். இங்கே இலங்கையில் 2014இல் அணுசக்திச் சட்டம் வந்தது, ஒழுங்குபடுத்த ஒரு சபையும் உண்டு; பதக்கமோ பார்சலில் வந்து படலையில் விலைபோகிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கழற்றி, பெட்டியில் மூடி, படுக்கை அறைக்கு வெளியே வையுங்கள். உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம், தூள் சுவாசத்தில் போனால் கூடாது.

கதலியைக் குறைக்க வேண்டியவர் வீட்டில் ஒருவர் இருக்கலாம்: சிறுநீரகம் பழுதானவர். காரணம் கதிர்வீச்சு இல்லை. வெளியேறாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். வாழைப்பழம் மட்டுமல்ல, இளநீர், தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் கணக்கில் வரும். 'சோடியம் குறைந்த உப்பு' இவர்களுக்கு ஆகவே ஆகாது, அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைட். சில பிரஷர் குளிசைகளும் பொட்டாசியத்தை ஏற்றும், ஆகவே கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையின் பொட்டாசிய அளவைக் கேட்டு வாங்குங்கள். கிழங்கைத் தோல் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அதில் சொதி வைக்கவேண்டாம்.