முதல்முறையாக கால்ஃப் ஆடப் போகிறேன், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்றில்லை. 18 குழிகள், ஒவ்வொன்றிலும் முடிந்தவரை குறைந்த அடிகளில் பந்தை உள்ளே தள்ள வேண்டும், பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது, பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். அடிப்படை அவ்வளவுதான். அடிக்க வீசி மட்டை பந்தில் படவே இல்லையென்றாலும் அது ஓர் அடிதான். புதியவர்களுக்கு இதுதான் வலிக்கும்.

பந்து காணாமல் போனால் தேட 3 நிமிடம்தான், 2019-க்கு முன்பு 5 நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் தண்டனையாக உங்கள் கணக்கில் ஓர் அடி கூடும், கூடவே முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். அதனால் சந்தேகம் வந்தாலே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று சொல்லி இன்னொரு பந்தையும் அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் மரியாதை. பந்து யார் பக்கமாவது பறந்தால் கூச்சப்படாமல் "ஃபோர்!" என்று கத்துங்கள். ஒருவர் அடிக்கும்போது பேசாதீர்கள், அசையாதீர்கள். பங்கர் எனும் மணல்பள்ளத்தில் உங்கள் கால்தடத்தை அங்கிருக்கும் ரேக்கால் (வாரியால்) சமன்செய்துவிட்டு வெளியே வாருங்கள். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே மிதிக்கக் கூடாது. பந்து விழுந்து புல்லில் பள்ளமாகியிருந்தால் சின்ன முள்கருவியால் ஓரங்களை நடுவை நோக்கித் தள்ளி, பட்டரால் (பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் மட்டையால்) தட்டிவிடுங்கள். பலரும் அடியிலிருந்து நெம்பித் தூக்குவார்கள், வேர் அறுந்து புல் காய்ந்துவிடும்.

பின்னால் வேகமான குழு காத்திருந்தால் வழிவிடுங்கள். சும்மா நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில் பத்து முறைக்கு மேல் அடித்தும் பந்து குழியில் விழவில்லையா, பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்கு நடங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.