சாமத்திய வீட்டுக்குக் கடன் எடுக்கலாமா?

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மூத்தவள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு செய்ய வேண்டும். மூன்று ஏக்கர் வயல்தான் எங்கள் சீவியம். கனடாவில் இருக்கும் மச்சாள் இரண்டு இலட்சம் அனுப்புகிறேன், மண்டபத்தில் வடிவாகச் செய்யுங்கள் என்கிறா. கணக்குப் பார்த்தால் ஆறு இலட்சம் முடியும். கையில் ஒரு இலட்சம் இருக்கிறது. மிச்சத்துக்குத் தாலிக்கொடியை அடகு வைத்து, குழுக்கடனும் எடுக்கலாமா? சின்னதாகச் செய்தால் சனம் கஞ்சர் என்று கதைக்கும் ஐயா.”

தங்கச்சி, கதைக்கும்தான். மண்டபத்தில் செய்தாலும் கதைக்கும், கறிக்கு உப்புக் காணாது என்று. இரண்டு கிழமையில் அந்தக் கதை அடங்கிவிடும். அடங்காதது, கிழமைக்கொருதரம் கடன் அறவிட உங்கள் படலையில் வந்து நிற்கப்போகிற மோட்டார் சைக்கிள். அதையும் அதே சனம்தான் பார்க்கும்.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கிற குழுக்கடனை இதற்கு எடுக்கவே வேண்டாம். ஒரு இலட்சத்துக்கு ஆண்டுக்கு 24 வீதம் என்பார்கள். 12 மாதத்தில் 124,000 ரூபா, மாதம் 10,333. கேட்கச் சின்ன வட்டிபோல இருக்கும். ஆனால் நீங்கள் வாங்கிய முதல் மாதாமாதம் குறைந்துகொண்டு போக, வட்டியை மட்டும் முழு இலட்சத்துக்கும் போட்டிருப்பார்கள். குறையும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அது 40 வீதத்துக்கு மேல். அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு தவணை பிந்தினால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். உங்கள் வீட்டு ஆடம்பரத்துக்கு, புட்டு விற்றுச் சீவிக்கிற பக்கத்து வீட்டு அக்கா காசு கட்டுவதா? 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. கிளிநொச்சி உட்பட எங்கள் வன்னியும் அதற்குள் இருந்தது.

அடகு அதைவிடப் பரவாயில்லை. நட்டம் வந்தாலும் உங்களோடு போகும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பவுன் விலை ஏறினால், அதே நகையை மாற்றி வைத்துக் கூடுதலாக எடுக்கலாம் என்று மனம் சொல்லும். எடுப்பீர்கள். பிறகு அந்தக் கொடி கழுத்துக்குத் திரும்பி வராது. வயலுக்கோ வைத்தியத்துக்கோ என்றால் வையுங்கள், அறுவடைத் தேதியைப் பார்த்து மீட்கிற நாளையும் அன்றைக்கே குறித்துவையுங்கள். மண்டபத்துக்கென்றால் வேண்டாம்.

கையிலிருக்கும் ஒரு இலட்சம் எதற்கு வைத்த காசு என்று நீங்கள் எழுதவில்லை. குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் விதைக்கிற சிறுபோகத்து உழவுக்கும் பசளைக்கும் என்றால் அது உங்கள் காசே இல்லை, வயலின் காசு. இரணைமடுக் குளத்தில் 36 அடி தண்ணீர் நின்றால் ஒரு கணக்கு, குறைய நின்றால் இன்னொரு கணக்கு என்றுதானே சிறுபோகக் கூட்டத்தில் விதைக்கிற ஏக்கரைத் தீர்மானிக்கிறார்கள்? யாருக்கு எவ்வளவு ஆசை என்று அங்கே கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கூட்டம் வையுங்கள், அவரையும் பிள்ளையையும் இருத்தி.

கடன் இல்லாதவருக்குக் கிடைக்கிற ஒரு இலாபத்தை எங்கள் ஆட்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. மாரிமழையில் விதைக்கிற காலபோகத்தின் அறுவடை நேரம் வெட்டு மெசின் வயலில் நிற்கும்போதே யாவாரியின் லொறியும் வந்து நிற்கும். கடன்காரர் பச்சை நெல்லை வரம்பிலேயே கொடுத்துவிட்டு, சொன்ன விலையை வாங்கிக்கொண்டு போவார். கடன் இல்லாதவர் றோட்டோரம் படங்கு விரித்து இரண்டு மூன்று நாள் காயவைப்பார். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கினால் அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கும் கொடுக்கலாம், விலை வரும்வரை வீட்டிலும் அடுக்கலாம். பொறுத்திருக்க முடிவதே ஒரு சொத்து.

“வருகிற ஆட்கள் என்வலப்பில் காசு தருவார்களே, அதில் கடனைக் கட்டலாம்” என்று யாராவது சொல்லுவார்கள். வருகிற ஒவ்வொன்றையும் பெயர், தொகையோடு கொப்பியில் எழுதுவீர்களே, ஏன்? திருப்பிக் கொடுக்கத்தான். அதுவும் கடன், வட்டி இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, எப்படிச் செய்வது? மச்சாளின் இரண்டு இலட்சத்துக்குள், வளவில் பந்தல் போட்டு. தாய்மாமன் செய்கிற சடங்கு, ஆலாத்தி, பலகாரம் எல்லாம் இருக்கட்டும். மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ, சந்தியில் கட்டுகிற பனர் ஆகியவற்றை வெட்டுங்கள். சாப்பாட்டில் மட்டும் கைவைக்க வேண்டாம். ஆட்களைக் குறைத்துக் கூப்பிடலாம், கூப்பிட்டவரை அரைவயிற்றோடு அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பினால் கஞ்சர் என்று சொல்லத்தான் செய்வார்கள், நானும் சொல்வேன். பனரைப் பற்றிப் பிள்ளையிடமே ஒருக்கால் கேளுங்கள். தன் படத்தைச் சந்தியில் பார்த்துவிட்டு அடுத்த கிழமை பள்ளிக்கூடம் போகக் கூச்சப்படுகிற பிள்ளைகள் கனபேர்.

மச்சாளிடம் ஒளிக்காமல் கதையுங்கள். “நீங்கள் தருகிற காசுக்குள் வீட்டில் செய்கிறோம், மிஞ்சினால் இவளின் பெயரில் போடுகிறோம்” என்றால் கோபிக்க ஒன்றுமில்லை. சின்னதாக ஒரு முகச்சுழிப்பு வரலாம், அதைத் தாங்கலாம். போடுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடுகிற காசைப் பொதுவாக 18 வயதுவரை எடுக்க முடியாது. அதனால் ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்) வகுப்பு ரியூசனுக்குத் தேவைப்படும் காசை வேறாக, உங்கள் பெயரில் வையுங்கள்.